ஏழாம் கட்டிலில் யார் கை

புதிதாக வார்டுக்குள் வரும் நர்ஸிங் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் ஆசிரியை கேட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். எழுதியதில் ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்தவள், மனம் நெகிழ ஏதாவது எழுதுவாள், விழாவில் வாசித்துவிட்டுக் கைதட்டலாம் என்று நினைத்திருப்பார். கைதட்ட இதில் ஒன்றும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பகலில் நடந்தது. காலை பத்தே காலில் ஆரம்பித்து மாலை நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை. கொல்லிமலையில் ஒரு மாணவர் விடுதியைக் காலி செய்து வார்டாக மாற்றியிருந்தோம். நான் பொறுப்பு நர்ஸ். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களில் ஒருத்தி தானே நோயாளியாகிப் படுத்துவிட்டாள். ஆள் போதவில்லை. அப்போதுதான் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளை வார்டுகளுக்கு அனுப்பினார்கள். எங்களிடம் நாலு பேர் வந்து நின்றார்கள்.

உடம்பை முழுக்க மூடும் பாதுகாப்புக் கிட்டுகளைக் காட்டி நான் அவர்களை வரவேற்ற அழகைக் கேளுங்கள். "கிட்டு போட்டுட்டா ஆறு மணி நேரத்துக்குத் தண்ணி கிடையாது, பாத்ரூம் கிடையாது. மயக்கம் போட்டு விழுந்தா தூக்கிவிட ஆள் கிடையாது. அழறதா இருந்தா இங்கயே அழுதுட்டு உள்ள வாங்க" என்றேன். மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாலாமவள் மட்டும், "கிட்டுல சின்ன சைஸ் இருக்குங்களா சிஸ்டர்? எனக்குத் தொளதொளன்னு போயிருமுங்க" என்று கேட்டாள். அவள் பெயர் கோகிலா. மலையில் தேவனூர் நாடு என்று சொல்லும் பகுதிப் பெண். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து, கீழே போய்ப் படித்துக்கொண்டிருந்தவள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. பிடித்தவர்களிடம் நான் இன்னும் கடுமையாக இருப்பேன். அது என் குணம்.

எங்கள் வார்டில் ஒரு விதி இருந்தது. விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப்பை உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். அதில் எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் நோயாளியை மலையிலிருந்து இறக்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். எங்களிடம் இருந்த ஆக்சிஜன் அவ்வளவுதான். விதி நல்ல விதி. ஆனால் எங்கள் வார்டிலிருந்து முதலில் கீழே போன ஆள் திரும்பவில்லை. அவர் உடலும் திரும்பவில்லை. தொற்று என்று சொல்லி அங்கேயே எரித்துவிட்டார்கள். மலைக்காரர்கள் இறந்தவரைத் தங்கள் நிலத்து ஓரத்திலேயே புதைப்பவர்கள். அந்த சேதி இரண்டு நாளில் மலை முழுக்கப் போய்விட்டது.

அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் மூச்சு வாங்குகிறது என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லா இருக்கறனுங்க" என்பார்கள். இருமலைக்கூடப் போர்வையைக் கடித்துக்கொண்டு அடக்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தொண்ணூறு என்ற எண் தெரிந்திருந்தது. இதெல்லாம் என் கண்ணில் பட்டது, ஆனாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு இருந்த வேலைக்கு, தொந்தரவு செய்யாத நோயாளிகள் கிடைத்தது வசதியாக இருந்தது.

ஏழாம் கட்டிலில் பொன்னுசாமி. ஐம்பது வயது தாண்டியவர். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். எட்டாம் கட்டிலில் அவர் மனைவி பாப்பாத்தி. அந்தம்மாவுக்கு நோய் லேசாகத்தான் இருந்தது. வீட்டில் தனியாக இருக்க முடியாதென்று கூடவே வந்துவிட்டார். இடம் பற்றாமல் கட்டில்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டிருந்தோம். மூச்சு எளிதாக வரட்டும் என்று எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தோம். மலைக் குளிருக்குத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். வரிசையாகப் போர்வைகள்தான் தெரியும். கையை நீட்டுங்கள் என்றால் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வரும்.

அன்று காலை நான் கிளிப்பை மாட்டி எண்ணைச் சொல்ல, கோகிலா அதை மணியோடு எழுதிக்கொண்டு வந்தாள். முகக் கவசத்தின் உள்பக்கம் என் மூச்சே பட்டுப் பனி மூடியிருந்தது. "பொன்னுசாமி, கையை நீட்டுங்க" என்றேன். கை வந்தது. களை வெட்டி, கிழங்கு பிடுங்கிக் காய்ப்பேறிய கை. தொண்ணூற்றாறு. நாடித் துடிப்பு எண்பத்தெட்டு. அடுத்து, "பாப்பாத்தி." கை வந்தது. தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு.

நான் சிரித்தேன். "பாருடி கோகிலா, புருஷன் பொண்டாட்டி ஒத்துமையை. நம்பர்கூட ஒண்ணாத்தான் வருது" என்றேன். ஏழாம் கட்டில் போர்வை லேசாகக் குலுங்கியது. நான் சொன்னதைக் கேட்டு அவரும் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூச்சுக்குத் தவிக்கிற உடம்பு அப்படித்தான் குலுங்கும். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

ஒன்பதாம் கட்டிலுக்குப் போகும்போது கோகிலா என் கையைத் தொட்டாள்.

"சிஸ்டர், ஏழாம் கட்டில்ல கை நீட்டுனது அவரு இல்லீங்கன்னு நெனைக்கறேன்."

"பின்ன யாரு? பேயா?"

"அந்தம்மா கையில வளவி இல்லீங்க. நேத்துப் பச்சை வளவி கை நெறையக் கெடந்துச்சுங்க. ரெண்டு கையிலயும் கழட்டிட்டாங்க. புருஷன் உசுரோட இருக்கறப்ப எங்க பக்கம் அப்படிக் கழட்ட மாட்டாங்க சிஸ்டர். அவுங்க ஒரு கைய அந்தப் பக்கமா நீட்டறாங்களோன்னு..."

"நீ வளவி எண்ண வந்தியா, வேலை பாக்க வந்தியா? இன்னும் பதினஞ்சு பேரு பாக்கி இருக்கறாங்க. சொன்ன நம்பரை எழுது."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து 10.15 என்று போட்டு, தொண்ணூற்றாறு என்று எழுதினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். அலுப்பு ஒரு காரணம். பன்னிரண்டு வருடம் இருந்த என்னிடம் நேற்று வந்த பெண் 'எங்க பக்கம்' என்று பாடம் எடுக்கிறாளே என்ற எரிச்சல் இன்னொரு காரணம். இரண்டையும்விட மோசமான ஒன்றும் உண்டு. அவள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், அழுகையைச் சமாளிக்க வேண்டும். அது சரியாக இருக்கக் கூடாது என்று என் மனதுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் தோன்றும். தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். ஆனால் உடனே போர்வையை விலக்கிப் பாருங்கள்.

மதியம் ஒரு மணிக்கு மறுபடி ஏழாம் கட்டிலுக்குப் போனேன். கோகிலா வார்டின் மறு கோடியில் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். போர்வையின் ஓரத்தைப் பிடிக்கக்கூடச் செய்தேன். அதற்குள் கை தானாக வெளியே வந்தது. கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றைந்து. போர்வையை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நாலு மணிக்கு நான் கிட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுற்று கோகிலாவுடையது. கண்ணாடிக் கதவை யாரோ உள்ளே இருந்து இரண்டு கையாலும் தட்டினார்கள். அவள்தான். "அறுவத்தெட்டுங்க சிஸ்டர்! ஏழாம் கட்டில் அறுவத்தெட்டு!" அவள் கையை நீட்டச் சொல்லவே இல்லையாம். நேராகப் போய்ப் போர்வையை முழுக்க எடுத்துவிட்டாள். அவருடைய கை இரண்டும் நெஞ்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. உதடு நீலமாகியிருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து பாப்பாத்தியின் வெறும் கை அவர் போர்வைக்குள் நீண்டபடியே இருந்ததாம்.

நான் மறுபடி கிட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் இளம் வயதுக்காரர். ஓடி வந்தார். ஆக்சிஜன் வைத்துக்கொண்டே கேஸ் ஷீட்டைப் பார்த்தார். "காலைல தொண்ணூத்தாறு, ஒரு மணிக்குத் தொண்ணூத்தஞ்சு. இப்ப அறுபத்தெட்டா? எப்படி சிஸ்டர்?"

"திடீர்னு இறங்கிடுச்சு சார்" என்றேன்.

கோகிலா என் எதிரில்தான் நின்றாள். அந்தக் கிட்டுக்குள் அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. டாக்டர், "திடீரென்று குறைந்தது" என்று எழுதி எனக்கு நேரே நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பொய்யில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

மலைமேல் இருக்கும் பெரிய ஊரான செம்மேட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. கூடப் போக ஆள் இல்லாததால் கோகிலாவை அனுப்பினேன். தூக்கும்போது பொன்னுசாமி மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, "கீழ வேண்டாஞ் சாமி, இங்கயே கெடக்கறேன்" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் கெஞ்சினார். பாப்பாத்தி அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தலையணைக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த வளையல்களை எடுத்து அவசர அவசரமாகக் கையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது முடிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

எழுபது கொண்டை ஊசி வளைவு. மறுநாள் வந்த கோகிலா என்னிடம் இரண்டு வாக்கியம்தான் பேசினாள். "ஒவ்வொரு வளைவுலயும் எத்தனாவதுன்னு கேட்டுட்டே வந்தாருங்க சிஸ்டர். முப்பதுக்கு மேல கேக்கல." பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உயிர் இருந்தது. அங்கே இருந்த டாக்டர், காலையிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொன்னாராம். இதை அவள் எனக்கு நேராகச் சொல்லவில்லை, ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லித் தெரிந்தது. இரண்டாம் நாள் போய்விட்டார். அங்கேயே எரித்தார்கள்.

சேதியைச் சொன்னது நான்தான். பாப்பாத்தி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு இறங்கவில்லை. கோகிலா சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து கழற்றிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பாப்பாத்தி என் அருகில் வந்தார். "சிஸ்டர், அந்த வெரலு என்னுதுங்க. ஒரு நாளைக்கு மட்டும் ஒன் கையக் குடு புள்ள, கீழ அனுப்பீருவாங்கன்னு அவருதான் கேட்டாரு. வளவி சத்தம் காட்டிக் குடுத்துருமின்னு கழட்டினேன். அவரு இருக்கறப்பவே கழட்டினேனே, அதனாலதான் போயிட்டாருங்களா?"

பிள்ளைகளே, அந்த நிமிடம் என் கையில் இருந்தது. உன் மேல் தப்பில்லை தாயி, காலையிலேயே இந்தப் பெண் என்னிடம் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒரு வரி போதும். நான் சொன்னது வேறு. "நீ அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது பாப்பாத்தி" என்றேன்.

"ஆமாங்க" என்றார் அந்தம்மா. "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோகிலா மருந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பயிற்சி முடியும்வரை அவள் என்னிடம் எதையும் தானாகச் சொன்னதில்லை. கேட்டதற்குப் பதில், சொன்னதற்கு வேலை. நல்ல பிள்ளை, அடங்கிவிட்டாள் என்று நினைத்து மதிப்பீட்டுத் தாளில் எழுதினேன். 'மூத்தவர் சொல் கேட்பவர்' என்று.

பணி ஓய்வு பெற்ற மறு மாதம் தேவனூர் நாட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பாப்பாத்தி முற்றத்தில் பாய் விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். என்னை முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை. கிட்டுக்குள் இருந்த என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை அல்லவா? குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்காமலேயே சொல்லத் தொடங்கினேன். பத்தே காலுக்கு கோகிலா சொன்னது, நான் அதட்டியது, ஒரு மணிக்குப் போர்வையைப் பிடித்தும் விலக்காமல் விட்டது, கையெழுத்து, எல்லாம்.

அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "தெரியுமுங்க" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"அந்தப் புள்ளதானுங்க. காரியம் கழிஞ்ச பொறவு ஒரு நாள் ஊட்டுக்கு வந்துச்சு. காலையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கம்மா, ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டு உட்டுட்டேன், சாயந்தரம் வரைக்கும் பயந்துக்கிட்டு இருந்துட்டேன், என் தப்புதான்னு அழுதுச்சு. யாருகிட்டச் சொன்னே, அவுங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அத மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலீங்க."

குடிக்காத தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"நானும் என் தப்புன்னுதான் இருந்தேன்" என்றார் பாப்பாத்தி. "அந்தப் புள்ள அதும்பட தப்புன்னு இருக்குது. நீங்க இத்தன வருசங் கழிச்சு வந்து உங்க தப்புன்னு சொல்றீங்க. எனக்குச் சொன்னது போதுமுங்க. அதுகிட்டச் சொன்னீங்களா?"

கோகிலா இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறாள். படிப்பை முடித்தாள், தேர்விலும் தேறினாள். நர்ஸ் வேலைக்குப் போகவில்லை. மாதம் ஒரு முறை பாப்பாத்தியிடம் பேசுவாளாம். அவளுடைய போன் எண்ணை அவரிடமே வாங்கிக்கொண்டேன். அங்கே சிக்னல் கிடைக்காமல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூப்பிட்டேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். என் பெயரைச் சொல்லிவிட்டு நேராகவே ஆரம்பித்தேன்.

"கோகிலா, அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி கண்ணு. நான் கேக்கல. உன் தப்பு எதுவுமே இல்ல."

"நான் எத்தனை மணிக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்குதுங்களா சிஸ்டர்?"

"பத்தே கால்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நானும்தான் அழுதேன். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் சொன்னேனா, இல்ல சொன்னதா நானே நெனைச்சுக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க சிஸ்டர். ஷீட்டுல தொண்ணூத்தாறுன்னுதான் இருக்குது. அதையும் என் கையாலதான் எழுதியிருக்கறேன்" என்றாள்.

"வேலைக்குத் திரும்பி வா கண்ணு" என்றேன்.

"அது தெரியலீங்க. நீங்க இப்பச் சொன்னத எழுதிக் குடுப்பீங்களா? எங்கயாச்சும் எழுத்துல இருக்கோணுங்க."

அந்தக் கேஸ் ஷீட் இப்போது எந்தக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறதோ, அதைத் திருத்த எனக்கு வழி இல்லை. அதனால்தான் உங்கள் ஆசிரியை கேட்டதும் ஒத்துக்கொண்டேன், ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்றேன். இதன் முதல் பிரதி திருப்பூருக்குப் போகிறது. உங்களுக்கு வருவது இரண்டாவது.

ஏழாம் கட்டில். காலை 10.15. நீட்டப்பட்ட கை நோயாளியின் கை அல்ல என்று மாணவி கோகிலா, பொறுப்பு நர்ஸிடம் வாய்மொழியாகத் தெரிவித்தாள். பொறுப்பு நர்ஸ் பார்க்கவில்லை. பகல் 1.00. பொறுப்பு நர்ஸ் போர்வையைப் பிடித்தும் விலக்கிப் பார்க்கவில்லை. மாலை 4.00. மாணவி கோகிலா தானாகப் போர்வையை விலக்கிப் பார்த்தாள். அளவு 68. திடீரென்று குறையவில்லை.